கீபோட் குறுக்குவிசைகளை நமக்கேற்றபடி மாற்றுவது எப்படி? திடீரென்று வேலை செய்யாவிட்டால் எங்கே தேடுவது?

கேள்வி கேட்டவர் விண்டோஸ் பாவிக்கிறார், தமிழில் நிறையத் தட்டச்சு செய்கிறார், நேற்று வரை ஒழுங்காக இருந்த குறுக்குவிசைகள் இன்று சொல்வழி கேட்பதில்லை என்கிறார். இது எனக்குத் தினசரி வருகிற வழக்கு. கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட ஒரு சின்னத் தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். தவணைப் பரீட்சைத் தாள், பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கிற கடிதம், கோயில் நோட்டீஸ், இறந்தவரின் நினைவாக 31ஆம் நாளில் வெளியிடுகிற கல்வெட்டுப் புத்தகம் என்று நாள் முழுக்கக் கீபோட்டோடுதான் என் சீவியம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போன தவணையில் விசுவமடுப் பக்கம் இருந்து ஓர் ஆசிரியர் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பிள்ளை, கீபோட் செத்துப்போச்சு. ஒரு எழுத்தும் விழுகுதில்லை. நாளைக்குத் தாள் குடுக்கோணும்" என்றார். நான் ஒரு விசையைத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. அதே விசையை விடாமல் அழுத்திப் பிடித்தேன். ஒரு நொடி பொறுத்து எழுத்து வந்தது. அப்போதே விளங்கிவிட்டது. "சேர், கீபோட்டுக்கு ஒண்டுமில்லை. ஃபில்டர் கீஸ் ஒன் ஆகியிருக்கு" என்றேன்.

விண்டோஸில் வலது பக்க ஷிப்ட்டை 8 நொடி அழுத்திப் பிடித்தால் இந்த ஃபில்டர் கீஸ் எழும்பும். கை நடுக்கம் உள்ளவர்களுக்காக வைத்த நல்ல வசதி அது. சட்டென்று தட்டுகிற தட்டுகளைத் தவறுதலானவை என்று ஒதுக்கிவிடும். ஆனால் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடிக்கிறவர்களுக்கு ஷிப்ட் இல்லாமல் வேலை இல்லை. கையெழுத்துப் பிரதியில் அடுத்த சொல் என்ன என்று கூர்ந்து பார்க்கும்போது சின்ன விரல் ஷிப்ட்டிலேயே இருந்துவிடும். ஒரு பெட்டி வந்து கேட்கும், கண் தாளில் இருப்பதால் வாசிக்காமலே ஆம் என்று கொடுத்துவிடுவோம். சேருக்கும் அதுதான் நடந்திருக்கிறது. ஷிப்ட்டை 5 தரம் தட்டினால் வருகிற ஸ்டிக்கி கீஸும் இதே குடும்பம். செட்டிங்ஸில் அக்செஸிபிலிட்டி, அதற்குள் கீபோட் என்று போனால் இரண்டையும் நிறுத்தலாம். நிறுத்துவதோடு விடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே அதை எழுப்புகிற குறுக்குவிசைக்கென்று ஒரு தனிப் பொத்தான் இருக்கும், அதையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அடுத்த கிழமை மறுபடியும் வரும்.

சரி, உங்கள் பிரச்சினை இதுவாக இல்லாமலும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் தேடுகிற முறை ஒன்றுதான். இரணைமடு வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒருவர் மறித்துவிட்டால் கடைக்கோடிக் காணிக்குத் தண்ணீர் வராது. கடைக்கோடிக்காரர் தன் வரம்பை எத்தனை தரம் வெட்டித் திருத்தினாலும் பயனில்லை. விசையும் அப்படித்தான் இறங்குகிறது. முதலில் கீபோட், அப்புறம் விண்டோஸ், அப்புறம் பின்னணியில் ஓடுகிற மென்பொருட்கள், கடைசியில்தான் நீங்கள் வேலை செய்கிற வேர்ட் அல்லது பிரவுசர். நடுவில் யாராவது ஒருவர் அந்த விசைச் சேர்க்கையைத் தனக்கென்று பதிந்து வைத்திருந்தால், கீழே உள்ள மென்பொருளுக்கு நீங்கள் அழுத்தியதே தெரியாது. பெரும்பாலானவர்கள் வேர்ட்டைக் கழற்றிப் பூட்டுகிறார்கள். தண்ணீர் மறிபட்டிருப்பதோ மேலே.

மேலிருந்தே பாருங்கள். விண்டோஸ் விசையையும் கொன்ட்ரோலையும் பிடித்துக்கொண்டு ஆங்கில ஓ (O) எழுத்தைத் தட்டினால் திரையில் ஒரு கீபோட் வரும். இப்போது கையில் உள்ள கீபோட்டில் சந்தேகமான விசையை அழுத்துங்கள். திரையிலும் அதே விசை நிறம் மாறினால், விசை விண்டோஸ் வரை வந்துவிட்டது என்று அர்த்தம். மாறவில்லை என்றால் விசையே பழுது. எங்களூர்ப் புழுதிக்கு இது சாதாரணம். கீபோட்டைக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள், அல்லது வேறொரு யுஎஸ்பி கீபோட்டைக் கொழுவிப் பாருங்கள்.

விசை வருகிறது, ஆனால் குறுக்குவிசை வேலை செய்யவில்லை என்றால், அதே சேர்க்கையை நோட்பேடில் போட்டுப் பாருங்கள். கொன்ட்ரோல் சி நோட்பேடில் வேலை செய்து வேர்ட்டில் செய்யாவிட்டால் கோளாறு வேர்ட்டுக்குள். கொன்ட்ரோலைப் பிடித்தபடி வேர்ட்டைத் திறந்தால் சேஃப் மோடில் திறக்கவா என்று கேட்கும். அது துணை மென்பொருட்கள் இல்லாமல் வேர்ட்டை மட்டும் திறக்கிற முறை. அதில் சரியாக வந்தால் யாரோ போட்ட அட்-இன் என்கிற துணை மென்பொருள் ஒன்றுதான் காரணம். இரண்டிலுமே வேலை செய்யவில்லை என்றால் மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கிற ஐகன்களைத் திறந்து, ஒவ்வொரு மென்பொருளாக மூடி மூடிப் பாருங்கள். ஒரு தம்பி வேர்ட்டில் மேல் மூலையில் உள்ள சின்னப் பட்டையில் பிரின்ட் பொத்தானை வைத்து, ஆல்ட்டோடு ஓர் எண்ணை அழுத்திப் பிரின்ட் எடுத்துப் பழகியிருந்தான். தமிழ் எழுதுகிற மென்பொருள் ஒன்றைப் போட்ட நாளிலிருந்து அது வரவில்லை. அந்த மென்பொருளும் மொழி மாற்றுவதற்கு ஆல்ட்டோடு எண்ணைத்தான் எடுத்திருந்தது. இரண்டில் ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். வேர்ட்டில் பிரின்ட்டுக்கு வேறு விசை கொடுத்ததோடு தீர்ந்தது.

லப்டொப்பில் எஃப் 2, எஃப் 5 போன்றவை வேலை செய்யாமல் சத்தமும் வெளிச்சமும் கூடிக் குறைந்தால் அது எஃப்என் பூட்டு. பல லப்டொப்களில் எஃப்என்னோடு எஸ்கேப்பை அழுத்தினால் மாறும். எக்செலில் அம்புக்குறி விசைக்குக் கட்டம் நகராமல் தாளே நகர்ந்தால் ஸ்க்ரோல் லொக். கொன்ட்ரோல், ஆல்ட், அம்புக்குறி மூன்றும் பட்டுத் திரை தலைகீழானால், பழைய கிராஃபிக்ஸ் டிரைவர்களில் அது திரையைத் திருப்புகிற குறுக்குவிசை. அதே இரண்டோடு மேல் அம்புக்குறியை அழுத்தினால் நேராகிவிடும்.

இனி மாற்றுவதற்கு வருவோம். தமிழில் அடிக்கிறவர்கள் முதலில் தொட வேண்டியது மொழி மாற்றுகிற விசையை. இடது ஆல்ட்டும் ஷிப்ட்டும் சேர்ந்தால் மொழி மாறும் என்பது விண்டோஸின் வழக்கம். வேர்ட்டில் ஆல்ட், ஷிப்ட், மேல் அம்புக்குறி அழுத்தினால் பந்தி ஒன்று மேலே நகரும். அதைச் செய்யப்போய் அம்புக்குறி பிந்தினால் மொழி மாறிவிடும். எங்கள் பக்கக் கந்தோர்களில் ஆங்கிலம், தமிழ், சிங்களம் மூன்றும் போட்டிருப்பார்கள். சுற்றிச் சுற்றி எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. செட்டிங்ஸில் டைம் அன்ட் லாங்குவேஜ், டைப்பிங், அட்வான்ஸ்ட் கீபோட் செட்டிங்ஸ், அதில் இன்புட் லாங்குவேஜ் ஹொட் கீஸ் என்று போங்கள். இடது ஆல்ட் ஷிப்ட்டை எடுத்துவிட்டு, ஒவ்வொரு மொழிக்கும் நேரடி விசை கொடுங்கள். கொன்ட்ரோல் ஷிப்ட் 1 என்றால் ஆங்கிலம், 2 என்றால் தமிழ், 3 என்றால் சிங்களம். இப்படி வைத்த பிறகு மூலையில் எந்த மொழி என்று பார்க்கிற பழக்கமே எனக்கு விட்டுப்போனது.

அடுத்தது வேர்ட். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோட் எவ்வளவு பரவினாலும் அச்சகத்துக்குப் போகிற வேலையில் எங்களுக்கு இன்னும் பாமினிதான் ஓடுகிறது. ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் வந்தால் எழுத்துருவை மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். ஃபைல், ஒப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிபன் என்று போனால் அடியில் கீபோட் ஷோட்கட்ஸ் என்று ஒரு பொத்தான் இருக்கும். அங்கே ஃபொன்ட்ஸ் என்ற பிரிவில் பாமினியைத் தேர்ந்து ஒரு விசை கொடுக்கலாம். நான் முதலில் கொன்ட்ரோல் ஆல்ட் 1 கொடுத்தேன். அந்தச் சேர்க்கை ஏற்கெனவே தலைப்பு போடுகிற ஹெடிங் 1க்கு உரியது. பெட்டிக்குள்ளேயே இப்போது இது யாரிடம் இருக்கிறது என்று ஒரு வரி காட்டும், நான் அதைக் கவனிக்கவில்லை. என்னோடு வேலை செய்கிற பிள்ளை மறுநாள் ஓர் ஆங்கில அறிக்கையில் தலைப்புப் போட அதே விசையை அழுத்த, தலைப்பு எல்லாம் பாமினிக்கு மாறிப்போனது. அந்த ஒரு வரியைப் பார்க்காமல் எந்த விசையும் கொடுக்காதீர்கள்.

ஆனால் இப்போது நான் எழுத்துருவுக்கு விசை கொடுப்பதே இல்லை. காரணம் ஒரு கல்வெட்டு. தருமபுரத்தில் ஒரு குடும்பம், தகப்பனார் மோசம் போய் 31 வருகிறது. வெளிநாட்டில் இருந்து வந்த மகன் இரவு கடையில் இருந்து வம்சாவழிப் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். அவருக்கு மக் கணினி பழக்கம். மக்கில் மொழி மாற்ற கொன்ட்ரோல் ஸ்பேஸ். ஏதோ பார்ப்பதற்காக முழுவதையும் தெரிவு செய்து வைத்திருந்த நேரத்தில் கை தன்பாட்டில் கொன்ட்ரோல் ஸ்பேஸை அழுத்திவிட்டது. வேர்ட்டில் அது எழுத்தின் அலங்காரத்தையெல்லாம் கழற்றி, பந்தியின் அடிப்படைக்குக் கொண்டுபோகிற விசை. பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அதன்மேல் தமிழ் உருவத்தை வரைகிறது. எழுத்துரு கழன்றதும் தகப்பனின் பெயர், பேரப்பிள்ளைகளின் பெயர், தேவாரம் எல்லாம் ஒரே கணத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தன. "அக்கா, எல்லாம் போட்டுது" என்று எழும்பிவிட்டார். அந்த முகத்தை எனக்கு மறக்க முடியாது. கொன்ட்ரோல் இசட் ஒருக்கால் அழுத்த எல்லாம் திரும்பி வந்தது.

அன்றிலிருந்து பாமினிக்கென்று ஒரு பந்தி ஸ்டைல், அதாவது பந்திக்குரிய எழுத்துரு, அளவு எல்லாவற்றையும் ஒரே பெயரில் சேர்த்து வைக்கிற அமைப்பு, செய்து வைத்திருக்கிறேன். ஸ்டைல்ஸ் பட்டியலில் வலது கிளிக் செய்து மொடிஃபை, அதன் அடியில் ஃபோர்மட், அதில் ஷோட்கட் கீ. எழுத்துரு ஸ்டைலுக்குள்ளேயே இருப்பதால் கொன்ட்ரோல் ஸ்பேஸ் பட்டாலும் எழுத்து பாமினியிலேயே நிற்கும். பாமினி பாவிக்கிற எல்லாரும் இதை இன்றைக்கே செய்யுங்கள் என்று கெஞ்சியே கேட்பேன். குறுக்குவிசைக்கு வெளியே ஒரு விஷயம், ஆனாலும் சொல்ல வேண்டும்: வசனத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குகிற ஒட்டோகரெக்டையும் நிறுத்துங்கள். பாமினியில் பெரிய எழுத்து என்றால் வேறு தமிழ் எழுத்து.

வேர்ட்டில் கொடுக்கிற விசைகள் நோர்மல் என்ற டெம்ப்ளேட் கோப்பில்தான் சேமிக்கப்படுகின்றன. கணினியை ஃபோர்மட் பண்ணக் கொடுக்கும்போது அதையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். நான் எடுக்காமல் ஒரு தரம் எல்லா விசைகளையும் முதலில் இருந்து கொடுத்திருக்கிறேன்.

விண்டோஸ் முழுவதற்கும் ஒரு விசையை மாற்ற வேண்டுமென்றால் மைக்ரோசொவ்ட்டின் பவர்டோய்ஸ் போதும், இலவசம். அதில் கீபோட் மனேஜர் என்ற பகுதி. பாமினியில் மெய்யெழுத்தின் மேல் வைக்கிற புள்ளி, அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. தமிழில் புள்ளி இல்லாமல் எத்தனை சொல் எழுதலாம்? அதனால் எங்கள் கடையில் முதலில் தேய்வது அந்த விசைதான். ஒரு முறை அது முழுதாகவே படுத்துவிட்டது. வவுனியாவில் இருந்து புதுக் கீபோட் வரும் வரை கேப்ஸ் லொக்கை அரைப்புள்ளியாக மாற்றி வைத்து இரண்டு கிழமை ஓட்டினோம். இடது சின்ன விரலால் புள்ளி வைக்க முதல் நாள் கை தடுமாறியது, மூன்றாம் நாள் பழகிவிட்டது. கேப்ஸ் லொக் தற்செயலாகப் பட்டு எழுத்தெல்லாம் மாறுகிற தொல்லையும் அந்த இரண்டு கிழமை இருக்கவில்லை. பிறகு புதுக் கீபோட்டிலும் கேப்ஸ் லொக்கை அதே பவர்டோய்ஸால் முடக்கியே வைத்திருக்கிறேன்.

பவர்டோய்ஸ் பின்னணியில் ஓடினால்தான் மாற்றம் நிற்கும். மூடினால் பழையபடி. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த ஜன்னல்களுக்குள் வேலை செய்யாது, பவர்டோய்ஸையும் அப்படியே திறந்தால்தான் செய்யும். விண்டோஸ் எல், கொன்ட்ரோல் ஆல்ட் டிலீட் இரண்டையும் மாற்ற விடாது.

எந்த விசை, எந்த மென்பொருள் என்று நீங்கள் கேள்வியில் சொல்லவில்லை. திரைக் கீபோட்டில் அந்த விசை நிறம் மாறுகிறதா, நோட்பேடில் வேலை செய்கிறதா என்ற இரண்டையும் பார்த்துக் கீழே எழுதுங்கள். எங்கே மறிபட்டிருக்கிறது என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.