பெர்ன் நகரமும் அலெட்ச் பனியாறும்: ஒன்பது நாள் பயணத்தை மே மாதத்தில் வைக்கலாமா?

கேள்வி: நாங்கள் கோயம்புத்தூரில் வசிக்கிறோம். நான், கணவர், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன், 68 வயதான மாமியார் ஆகிய நால்வரும் மே மாத விடுமுறையில் ஒன்பது நாட்கள் சுவிட்சர்லாந்து செல்ல நினைக்கிறோம். ஒரு நகரத்தை நிதானமாகச் சுற்றிப் பார்க்க வேண்டும்; மலைப்பாதையில் நடக்க வேண்டும்; ஒரு நாளாவது பனியாற்றின் மேல் கால் வைக்க வேண்டும். எங்களில் யாருக்கும் பனியில் நடந்த அனுபவம் இல்லை. மாமியாருக்கு மூட்டுவலி உண்டு. எந்த ஊரில் தங்குவது, எதை முதலில் வைப்பது, வழிகாட்டி தேவையா, என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: நீங்கள் கேட்ட மூன்றும் ஒன்பது நாட்களில் நிச்சயமாக முடியும். ஆனால் மே மாதத்தை மட்டும் கைவிட்டுவிடுங்கள். விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே கேட்டது நல்லதாயிற்று, ஏனென்றால் நம் ஊர்க் கோடை விடுமுறைதான் ஆல்ப்ஸ் மலையில் நடப்பதற்கு மிகவும் பொருந்தாத காலம்.

குளிர்காலப் பனிச்சறுக்குப் பருவம் ஏப்ரலில் முடிந்ததும், உயரத்துக்குச் செல்லும் கேபிள் கார்கள் பலவற்றைப் பராமரிப்புக்காக நிறுத்திவிடுவார்கள். ஜூன் மாதம்தான் அவை மறுபடி ஓடத் தொடங்கும். 2,000 மீட்டருக்கு மேலுள்ள பாதைகளில் மே முழுவதும், சில ஆண்டுகளில் ஜூன் நடுப்பகுதி வரையிலும், பழைய பனி கிடக்கும். இவற்றைவிட முக்கியமான காரணம் பனியாற்றிலேயே இருக்கிறது. பனியாறு மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதால் அதன் மேற்பரப்பில் ஆழமான பிளவுகள் விழுகின்றன. குளிர்காலத்தில் பெய்யும் பனி அந்தப் பிளவுகளின் வாயை மூடி, பார்வைக்குச் சமதரை போலக் கிடக்கும். வெயில் ஏற ஏற அந்த மூடி இளகி, ஆள் எடையைத் தாங்காத நிலைக்கு வரும். மேல் பனி முழுவதும் உருகி, வெறும் பனிக்கட்டி வெளியே தெரிந்த பிறகுதான் பிளவு எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். பழக்கமில்லாதவர்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகள் பொதுவாக ஜூன் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை மட்டும் நடத்துவது இதனால்தான்.

ஆகவே செப்டம்பர் இறுதியில் வரும் காலாண்டுத் தேர்வு விடுமுறைக்குப் பயணத்தை மாற்றுங்கள். பள்ளியில் இரண்டு மூன்று நாள் கூடுதலாக விடுப்புக் கேட்க நேரலாம், அது தகும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பிற்பகல்தோறும் வரக்கூடிய இடிமழை அப்போது குறைந்திருக்கும், கூட்டமும் குறைவாக இருக்கும், பகல் வெளிச்சமும் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் கிடைக்கும். புதுப்பனி ஒரு நாள் திடீரென்று விழக்கூடும் என்பது ஒன்றே இந்தப் பருவத்தின் குறை. அதற்கான ஏற்பாட்டைப் பின்னால் சொல்கிறேன். எந்தக் காரணத்தாலும் மே மாதத்தை மாற்ற முடியாது என்றால், பனியாற்றின் மேல் நடக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, ஆண்டு முழுவதும் ரயில் ஓடும் யுங்ஃபிராவ்யோக் சென்று அலெட்ச் பனியாற்றை மேலிருந்து பார்த்துத் திரும்புங்கள். அந்த நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்பதால், உங்கள் மாமியார் மருத்துவரிடம் கேட்காமல் ஏறக் கூடாது.

இடத்தைப் பொறுத்தவரை, என் பரிந்துரை இரண்டே ஊர்கள்: பெர்ன் நகரத்தில் மூன்று இரவு, வாலே மாநிலத்தில் பெட்மெரால்ப் என்னும் மலைக்கிராமத்தில் நான்கு இரவு, கடைசி இரவு மட்டும் சூரிச். சூரிச், லூசெர்ன், இன்டர்லாகன், செர்மாட், ஜெனீவா என்று ஐந்து ஊர்களை ஒன்பது நாளில் அடுக்கும் திட்டங்களைப் பயண முகவர்கள் தருவார்கள். அவற்றில் ஒவ்வொரு நாளும் எங்கே இருக்க வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது; மலையிலோ அதை வானிலைதான் முடிவு செய்யும். ஒரே மலைக்கிராமத்தில் நான்கு இரவு தங்கினால் தெளிவான நாள் எது என்று பார்த்து அன்றைக்குப் பனியாற்றுக்குப் போகலாம்.

நகரம் முதலில், மலை பின்னால் என்ற வரிசையை மாற்ற வேண்டாம். பெர்ன் 540 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூன்றரை மணி நேர வித்தியாசத்துக்கும் குளிருக்கும் உடம்பு அங்கே பழகிக்கொள்ளும். பெட்மெரால்ப் 1,950 மீட்டர். அதற்கு மேலே உள்ள பெட்மெர்ஹார்ன் கேபிள் கார் நிலையம் 2,647 மீட்டர், அதாவது நம் தொட்டபெட்டாவைவிடப் பத்து மீட்டர்தான் அதிகம். ஊட்டிக்குப் போய் மூச்சுத் திணறல் இல்லாமல் இருந்தவர்களுக்கு இந்த உயரம் பொதுவாகத் தொல்லை தராது. யுங்ஃபிராவ்யோக்கை விட்டுவிட்டு இந்தப் பக்கத்தை உங்கள் குடும்பத்துக்குப் பரிந்துரைக்க இதுவும் ஒரு காரணம்.

பெர்னைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நடந்தே பார்க்கக்கூடிய ஊர். 1983 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள பழைய நகரத்தில் ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் நீளத்துக்குக் கூரையிட்ட நடைவழிகள் இருப்பதால், மழை பெய்தாலும் நாள் வீணாகாது. சைட்குளோக்கே மணிக்கூண்டின் பொம்மைகள் முழு மணி அடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பே அசையத் தொடங்கிவிடும், ஆகவே சற்று முன்னதாகப் போய் நில்லுங்கள். அதே வீதியில் 49ஆம் எண் வீட்டில்தான் ஐன்ஸ்டைன் 1903 முதல் 1905 வரை குடியிருந்தார். இப்போது அது அருங்காட்சியகம், உங்கள் மகனுக்குப் பிடிக்கும். நூறு மீட்டர் உயரமுள்ள பேராலயக் கோபுரத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் உள்ளன. நீங்கள் மூவரும் ஏறி இறங்கிப் பாருங்கள். மறுநாள் காலையில் தொடை வலி எப்படி இருக்கிறது என்பதை வைத்தே மலையில் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று கணக்கிட்டுவிடலாம். நகரின் மேற்கே ஐரோப்பா சதுக்கத்தில் பல மதத்தினர் ஒரே கூரையின் கீழ் வழிபடும் சமயங்களின் இல்லம் இருக்கிறது. ஈழத்தமிழர்கள் நடத்தும் ஞானலிங்கேச்சுரர் கோயில் அதற்குள்தான் உள்ளது. மாமியாரை அங்கே அழைத்துச் செல்ல மறக்காதீர்கள்.

நான்காம் நாள் பெர்னிலிருந்து ரயில். 34.6 கிலோமீட்டர் நீளமுள்ள லோட்ஷ்பெர்க் அடிவாரச் சுரங்கம் வழியாக மலைத்தொடரின் மறுபக்கம் போய், பிரிக் நகரில் சிறிய சிவப்பு ரயிலுக்கு மாறி, பெட்டன் பள்ளத்தாக்கு நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்தே கேபிள் கார் கிளம்புகிறது. மொத்தம் இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பெட்மெரால்ப் கார்கள் இல்லாத கிராமம். விடுதி வரை பெட்டியை நீங்கள்தான் இழுத்துப் போக வேண்டியிருக்கலாம். ஆகவே பெரிய பெட்டிகள் வேண்டாம். ஆளுக்கு ஒரு முதுகுப்பையும் நால்வருக்கும் சேர்த்து ஒரு நடுத்தரப் பெட்டியும் போதும்.

ஐந்தாம் நாள் எல்லோரும் பெட்மெர்ஹார்னுக்கு ஏறுங்கள். கேபிள் காரிலிருந்து இறங்கிச் சில நிமிடம் நடந்தாலே அலெட்ச் பனியாறு முழுதாகத் தெரியும். ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் நீளம், ஆல்ப்ஸிலேயே மிக நீளமானது. அதன் நடுவில் சாலை போட்டதுபோல் நீளவாட்டில் ஓடும் கருங்கோடுகளைக் கவனியுங்கள். மேலே கொங்கோர்டியா என்னும் சமவெளியில் மூன்று பெரும் பனியாறுகள் வந்து கூடுகின்றன. ஒவ்வொன்றும் தன் கரையிலிருந்து சுமந்து வந்த கற்கள், கூடிய பிறகு நடுவில் சிக்கி, அந்தக் கோடுகளாகக் கடைசி வரை வருகின்றன. கொங்கோர்டியா குடிலை 1877இல் கட்டியபோது பனிக்கட்டி அதற்குச் சற்றுக் கீழே வரை இருந்தது. இன்று பனியிலிருந்து அந்தக் குடிலை அடைய நானூறுக்கும் மேற்பட்ட உலோகப் படிகள் ஏற வேண்டும். பள்ளத்தாக்கில் உள்ள ஃபீஷ் ஊர் மக்கள் 1678இல், இந்தப் பனியாறு வளர்ந்து தங்களை அழிக்காதிருக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டவர்கள். அண்மைக் காலத்தில் வாத்திக்கனின் இசைவு பெற்று, பனியாறு குறையாதிருக்க வேண்டும் என்று அந்த வேண்டுதலை மாற்றிக்கொண்டார்கள். உங்கள் மகன் இப்போது பார்ப்பதை அவன் பிள்ளைகள் இதே அளவில் பார்க்க மாட்டார்கள் என்பதால்தான் இந்தப் பயணத்தை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஆறாம் நாளைப் பனியாற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி தேவையா என்று கேட்டிருந்தீர்கள்: கட்டாயம் தேவை. கரையோரம் பத்தடி மட்டும் போய்ப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் வேண்டாம். பனியாற்றின் ஓரம்தான் உள்ளே குடைவாகி, மேலே கற்கள் தளர்ந்து, எப்போது சரியும் என்று தெரியாத பகுதி. உரிமம் பெற்ற மலை வழிகாட்டிகள் பக்கத்து மலைக்கிராமமான ஃபீஷெரால்ப்பிலிருந்து குழுவாக அழைத்துச் செல்கிறார்கள். ஒரு சுரங்க நடைவழி வழியாக மேர்யெலன் ஏரிப் பக்கம் போய், அங்கிருந்து பனிக்கட்டியின் மேல் இறங்குவது வழக்கம். அனுபவமில்லாதவர்களுக்கும் சிறுவர்களுக்கும் ஏற்ற நடையா என்று பதிவின்போதே கேளுங்கள். போக வர நடையையும் சேர்த்தால் முழு நாள் ஆகும்.

காலணிக்கு அடியில் இரும்பு முட்கள் கொண்ட கிராம்பானை வழிகாட்டியே தந்து மாட்டிவிடுவார்; இடுப்பில் வாரைக் கட்டி, எல்லோரையும் ஒரே கயிற்றில் இணைப்பார். பாதத்தைச் சாய்க்காமல் எல்லா முட்களும் ஒரே நேரத்தில் பதியும்படி தட்டையாக வையுங்கள். கால்களைச் சற்று அகட்டி நடக்கவில்லை என்றால் ஒரு காலின் முள் மறுகாலின் பேன்ட்டில் சிக்கிக் கவிழ்த்துவிடும். கயிற்றைக் கையில் சுருட்டிப் பிடிக்கக் கூடாது. முன்னால் போகிறவர் வழுக்கினால் அந்தச் சுருள் விரலை இறுக்கிவிடும். வெயில் அடித்தாலும் கையுறையைக் கழற்றாதீர்கள், ஏனென்றால் வெறும் பனிக்கட்டியின் மேற்பரப்பு சொரசொரப்பாகவும் கூராகவும் இருப்பதால் விழுந்து கை ஊன்றினால் தோல் கிழிந்துவிடும். இவற்றை எல்லாம் பழகிக்கொண்ட பிறகு தரையைப் பாருங்கள். கறுப்புத் தூசி படிந்த இடங்களில் தூசி வெயிலை உறிஞ்சிப் பனியை உருக்கியதால், விரல் நுழையும் அளவுக்கு உருண்டையான துளைகளும், அவற்றுக்குள் கண்ணாடி போன்ற தண்ணீரும் இருக்கும். பெரிய பாறை கிடக்கும் இடத்தில் நேர்மாறாக, பாறையின் நிழல் பனியைக் காத்துவிடுவதால், சுற்றுப்புறம் உருகி இறங்கிய பின் பாறை மட்டும் ஒரு பனித்தூணின் மேல் உட்கார்ந்திருக்கும்.

அன்று மாமியார் பெட்மெரால்ப்பிலேயே இருக்கட்டும். கிராமத்திலிருந்து ரீடெரால்ப் வரை ஏற்ற இறக்கம் அதிகமில்லாத அகலமான பாதை இருக்கிறது. அதில் முடிந்த வரை நடக்கலாம். 1697இல் கட்டிய சிறு தேவாலயமும் அருகிலேயே ஒரு ஏரியும் உண்டு.

ஏழாம் நாளுக்கு எந்தத் திட்டமும் வைக்காதீர்கள். ஆறாம் நாள் மழையோ புதுப்பனியோ வந்தால் பனியாற்றை இந்த நாளுக்கு மாற்ற முடியுமா என்று முன்பதிவின்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் நாளே முடிந்துவிட்டால், 1933 முதல் பாதுகாக்கப்பட்டு வரும் அலெட்ச் காட்டுக்குள் நடக்கலாம். மஞ்சள் பலகை உள்ள பாதை யாரும் நடக்கக்கூடியது. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு இருந்தால் அது மலைப்பாதை: செங்குத்தான இடங்கள் உண்டு, நீங்கள் மூவரும் கவனமாகப் போகலாம். வெள்ளை-நீலம்-வெள்ளை கண்டால் திரும்பிவிடுங்கள். பலகையில் எழுதியுள்ள நேரத்தில் ஓய்வு சேராது. பாதி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், கடைசி கேபிள் கார் எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். மூஸ்ஃப்ளூ பக்கம் ஒரு பெரிய மலைச்சரிவு, தன்னைத் தாங்கி நின்ற பனி குறைந்துபோனதால், 2016 முதல் வேகமாக நகர்ந்து வருகிறது. அங்கே பாதை மூடியிருப்பதாக எழுதியிருந்தால் தயங்காமல் வேறு வழியில் போங்கள்.

பொருட்களில், கணுக்காலை மூடும், அடிப்பகுதி வளையாத காலணிக்குத்தான் பணம் செலவழிக்க வேண்டும். அதைக் கோவையிலேயே வாங்கி, புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பிருந்து போட்டுப் பழகுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் மருதமலைப் படிகளில் அதே காலணியோடு ஏறி, அதே அளவு கவனத்தோடு இறங்குங்கள். இறங்கும்போதுதான் முழங்காலுக்கும் கால்விரல்களுக்கும் சோதனை. ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் ஈரமானால் காயாது, உடம்புச் சூட்டை இழுத்துவிடும்; அவற்றை நகரத்துக்கு வைத்துக்கொண்டு, மலைக்குக் கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன் மேல் ஒரு ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்காக எடுத்துச் செல்லுங்கள். பனியிலிருந்து வெயில் எதிரொளித்து மேல்நோக்கி வரும் என்பதால் மூக்கின் அடியிலும் தாடையின் அடியிலும்கூட சன்ஸ்கிரீன் பூசுங்கள். பனியாற்றுக்கு ஏற்ற கருங்கண்ணாடி இல்லாமல் மகனை மேலே அனுப்பாதீர்கள்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், ஜூலைக்குள் கொடுத்துவிடுங்கள். அதற்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். சாதாரணப் பாலிசிகள் பல, சாகச விளையாட்டுகளை விலக்கிவிடுகின்றன. வழிகாட்டியோடு பனியாற்றில் நடப்பதும் ஹெலிகாப்டர் மீட்பும் அடங்குமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாலே மாநிலத்தில் மலை மீட்புக்கான எண் 144. அதை நால்வர் தொலைபேசியிலும் பதிந்துவையுங்கள். ரயில் பாஸ் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். இந்தத் திட்டத்தில் நீண்ட ரயில் பயணம் மூன்று நாள் மட்டுமே, பெர்னில் விடுதியில் தங்குவோருக்கு நகரப் பேருந்தும் டிராமும் இலவசம். எட்டு நாள் பாஸைவிட அரைக்கட்டண அட்டை மலிவாக முடியலாம், இரண்டையும் கூட்டிப் பார்த்து வாங்குங்கள். முன்பதிவில் முதலில் வழிகாட்டி, அடுத்து பெட்மெரால்ப் விடுதி, அதன் பிறகு பெர்ன் விடுதி. விமானச் சீட்டை வழிகாட்டியின் தேதி உறுதியான பிறகு எடுங்கள்.