28 வீதமும் தொலைந்துபோன இரண்டு நூல்களும்

ஐயா,

வணக்கம். கொழும்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். யாழ்ப்பாண இராச்சியம் பற்றி ஓர் ஒப்படை எழுதி, பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் டேர்னிட்டின் மென்பொருளில் போட்டுப் பார்த்தபோது 28 வீதம் காட்டியது. விடிய விடிய இருந்து சொற்களை மாற்றி 11க்குக் கொண்டுவந்துவிட்டேன். ஓர் ஆங்கிலக் கட்டுரையிலிருந்து இரண்டு பக்கத்தை நானே தமிழாக்கிச் சேர்த்தேன். அதை டேர்னிட்டின் பிடிக்கவில்லை. தமிழ் என்னுடையதுதானே, அதற்கும் மேற்கோள் காட்ட வேண்டுமா? கூட்டாளிமார் வட்ஸ்அப்பில் ஆள் பிடித்துக் காசு கொடுத்தே எழுதுவிக்கிறார்கள். விரிவுரைக் குறிப்புகளிலும் எங்கிருந்து எடுத்தது என்று இருப்பதில்லை. எங்களிடம் மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி?

(பெயர் வேண்டாம், வெள்ளவத்தை)

அன்புள்ள பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது, யாழ்ப்பாண அரசர்களின் வரலாறு சொல்லும் பழைய நூலான யாழ்ப்பாண வைபவமாலை என் மேசையில் விரித்தபடி கிடந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

28, 11 என்ற கணக்கை விடுங்கள். அந்த மென்பொருள் ஒத்துப்போகிற சொற்களைத்தான் காட்டும். ஒழுங்காக மேற்கோள் குறி போட்ட பந்தியையும், கடைசியில் உள்ள நூற்பட்டியலையும், விலக்கச் சொல்லாவிட்டால் சேர்த்தே எண்ணிவிடும். 28 வீதம் காட்டிய ஒப்படை நேர்மையானதாக இருந்திருக்கலாம். ஆனால் 11க்கு இறக்க நீங்கள் செய்தது திருட்டை மறைக்கிற வேலை. கோபிக்க வேண்டாம், வேறு எப்படிச் சொல்வது? அந்த இரவில் மூலத்தை இன்னொருமுறை படித்து, மூடி வைத்துவிட்டு, விளங்கியதை எழுதி, யார் சொன்னது என்று அடியில் போட்டிருக்கலாம். நேரமும் மிஞ்சியிருக்கும்.

காசு கொடுத்து எழுதுவிப்பவர்களை உங்களோடு ஒப்பிடாதீர்கள். அவர்கள் படிக்கவே வரவில்லை. விரிவுரைக் குறிப்பில் மூலம் இல்லையென்றால் எழுந்து கேளுங்கள்: "இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, சேர்?" கேட்கிற பிள்ளையை எந்த நல்ல ஆசிரியருக்கும் பிடிக்கும்.

சரி, அந்தத் தமிழாக்கம். கட்டாயம் பெயர் சொல்ல வேண்டும். யாரோ ஒருவர் ஆவணக் கட்டுகளைப் புரட்டி, பழைய கையெழுத்தோடு மல்லுக்கட்டிக் கண்டுபிடித்ததை நீங்கள் தமிழில் சொல்லியிருக்கிறீர்கள். தமிழாக்கிய உழைப்பு உங்களுடையது, கண்டுபிடித்த உழைப்பு அவருடையது. மென்பொருளுக்குத் தெரியவில்லை என்பதால் அது உங்களுடையதாகிவிடாது.

வைபவமாலையை எழுதியவர் மயில்வாகனப் புலவர். 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் காலத்தில், ஓர் ஒல்லாந்த அதிகாரி கேட்டதற்காக எழுதினார். அதில் குழப்பங்கள் நிறைய. ஆண்டுகள் பிசகும், ஆட்கள் மாறிப்போவார்கள். வரலாற்றாசிரியர்கள் அதை உலுக்கி எடுத்திருக்கிறார்கள். ஆனாலும் எந்த நூல்களை ஆதாரமாகக் கொண்டது என்று அந்த நூலிலேயே பெயரோடு இருக்கிறது: கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை. முதல் இரண்டும் இன்று அச்சில் உண்டு. மற்ற இரண்டும் நம் கைக்கு வரவில்லை. அப்படி இரண்டு நூல்கள் இருந்தன என்பதையே பெரும்பாலும் இந்தக் குறிப்பை வைத்துத்தான் பேசுகிறோம். புலவர் உங்களைப் போல நினைத்து, 'சொற்கள் என்னுடையவைதானே' என்று விட்டிருந்தால்? நூல்கள் தொலைந்ததோடு அவற்றின் பெயரும் தொலைந்திருக்கும்.

1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 97,000 வரையான நூல்களும் ஏடுகளும் போயின. அதற்குப் பிறகும் இங்கே எத்தனையோ வீட்டு அலுமாரிகள் இடம்பெயர்வில் அழிந்தன. இப்படிப்பட்ட சமூகத்துப் பிள்ளை அடிக்குறிப்பைக் கெடுபிடி என்று சொல்லலாமா? எரிந்துபோன ஒரு புத்தகத்தில் என்ன இருந்தது என்று தேடும்போது, அதைப் படித்த ஒருவர் பக்க எண்ணோடு எங்காவது குறித்து வைத்திருந்தால்தான் ஒரு பிடி கிடைக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொழும்பில் முருகனுக்கு எடுக்கிற ஆடிவேல் ஊர்வலம் பற்றி எழுதுவதற்காக, செட்டியார் தெருவிலிருந்து தேர் புறப்படுகிற பழைய வழக்கங்களைத் தேடினேன். மாணவர் ஆய்வேடுகள் சிலவற்றில் ஒரே வாக்கியம் வந்தது. வடம் பிடிக்கும் உரிமை யாருக்கு இருந்தது என்று தொடங்கி, "எனவும்" என்று முடியாமல் நிற்கிற வாக்கியம். ஒவ்வோர் ஏட்டிலும் அதே "எனவும்", அதற்கு அப்புறம் முற்றுப்புள்ளி. எழுதியவர்கள் அதை வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. இருப்பதில் பழைய ஏட்டில் மட்டும் "முதியவர் ஒருவர் கூறினார்" என்று இருந்தது. எந்த முதியவர்? எந்தத் தெரு? எந்த ஆண்டு? எதுவும் இல்லை. அவருடைய பேரப்பிள்ளைகளையாவது தேடிப் போயிருப்பேன். இப்போது அந்த வாக்கியத்தை நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. எனக்கு இன்றும் அந்த ஆத்திரம் தீரவில்லை.

சாட்ஜிபிடியிடம் கேட்டு நூற்பட்டியல் போடுகிற பழக்கமும் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். இல்லாத நூலுக்கு ஆசிரியரும் ஆண்டும் பக்கமும் சேர்த்து அது எழுதித் தரும். கண்ணால் பார்க்காத புத்தகத்தை அடிக்குறிப்பில் போட்டால், உங்களுக்குப் பின்னால் தேடி வருகிறவரை இல்லாத வீட்டுக்கு அனுப்புகிறீர்கள்.

28 வீதம் காட்டிய பழைய பிரதி இருக்கிறதுதானே? அதை எடுங்கள். கடைசித் திகதி நெருங்கினால் விரிவுரையாளரிடம் உண்மையைச் சொல்லி ஒரு கிழமை கேளுங்கள். வெள்ளவத்தையிலேயே தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. கையில் கொப்பியோடு போங்கள். குறிப்பெடுக்கும்போதே ஆசிரியர், நூல், பதிப்பு ஆண்டு, பக்கம் என்று முதல் வரியில் எழுதிவிட்டு அப்புறம் விஷயத்துக்கு வாருங்கள். அந்த ஆங்கிலக் கட்டுரையாளரின் பெயரை அந்த இரண்டு பக்கத்துக்கும் போடுங்கள். முடிந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், படித்துப் பார்க்க எனக்கு ஆசை.