தீட்ஸூகுய்: ‘ஃபூமூ’ வரிகளில் மகன் குழம்பினால்

மூன்றாம் எழுத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். சீனப் பள்ளியில் படிக்கும் உங்கள் மகன், தீட்ஸூகுய் என்ற சீனச் சிறுவர் நீதிப்பாட்டில் ‘ஃபூமூ’ (பெற்றோர்) என்று தொடங்கும் நாலு வரிகளையும் மாற்றி மாற்றிச் சொல்கிறான் என்றீர்களே, அவை பிரிவதே அந்த எழுத்தில்தான்: ஹூ (கூப்பிட்டால்), மிங் (வேலை ஏவினால்), ஜியாவ் (புத்தி சொன்னால்), ட்ஸெ (கண்டித்தால்).

பெரும்பாலும் பொருள் தெரியாமல் ஓசையை மட்டும் பிடித்துக்கொண்டு ஒப்பிக்கிறான். நம் காது வரியின் தொடக்கத்தில் எதுகை மோனையைத் தேடும். இங்கே தொடக்கம் நாலும் ஒன்று. இயைபு கடைசியில் இருக்கிறது: ஹுவான்–லான், திங்–செங். அதனால் இரண்டிரண்டாகச் சேர்த்துப் படிக்கட்டும். முதல் ஜோடி ‘தாமதிக்காதே, சோம்பாதே’. அடுத்தது ‘மரியாதையோடு கேள், பணிந்து ஏற்றுக்கொள்’.

சோதித்துப் பார்க்க: முதலிலிருந்து தொடங்க விடாமல், “ஃபூமூ ஜியாவ்” என்று மட்டும் நீங்கள் சொல்லி நிறுத்துங்கள். “ஷூ ஜிங் திங்” என்று உடனே வந்தால் சரி. மனசுக்குள் முதல் வரிக்கு ஓடிப்போய்த் திரும்பி வந்தால் இன்னும் பிடிபடவில்லை. அப்புறம் வரிசையைக் கலைத்துக் கேளுங்கள். பாட்டின் 360 அடிகளும் மூன்று மூன்று எழுத்துதான், இந்தப் பழக்கம் பின்னாலும் உதவும்.

ஒன்று, நான் இங்கே எழுதியதைப் பார்த்து அவன் படிக்க வேண்டாம். தமிழ் எழுத்தில் சீனத் தொனி (குரலின் ஏற்ற இறக்கம்) வராது. முதல் வரியில் வரும் ‘யிங்’ நாலாம் தொனி, முதல் தொனியில் சொன்னால் பொருள் மாறிவிடும். ஆசிரியர் ஒலிப்பதையே கேட்கட்டும்.