கிக் எங்கே போனது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என்னிடம் கோர்க் வோல்கா பீட்ஸ் டிரம் மெஷினும் ஒரு சிறிய அனலாக் சிந்தசைசரும் இருக்கின்றன. கிதார் வாசிக்கும் நண்பரிடம் ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் டிஸ்டார்ஷன் பெடலான டியூப் ஸ்கிரீமரை இரவல் வாங்கி, இரண்டையும் மிக்சரில் சேர்த்து அதன் வழியாகச் செலுத்திப் பார்த்தேன். கிக் எனும் பெரிய டிரம்மின் கனம் காணாமல் போய்விட்டது. ஹை-ஹாட் எனும் தாளத்தட்டு எண்ணெயில் போட்ட கடுகுபோல் பொரிகிறது. சிந்தசைசரில் கார்டு (பல சுரங்கள் ஒன்றாக) வாசித்தால் வெறும் இரைச்சல். நான் எந்த டிஸ்டார்ஷன் பெடல் வாங்க வேண்டும்? எதிரொலிக்கான டிலே, ரிவெர்ப் பெடல்களும் தேவைப்படுமா?

எஸ்., பெரம்பூர்

அன்புள்ள எஸ்.,

ஆடி மாதத்தில் உங்கள் பகுதி அம்மன் கோயில்களில் கூம்பு ஒலிபெருக்கி வழியாகப் பம்பை ஒலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். தோலில் குச்சி படும் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும். பம்பையின் வயிற்றிலிருந்து எழும் கனத்த முழக்கம் கோயில் வாசலில் நிற்பவருக்குத்தான் கிடைக்கும், ஏனென்றால் தாழ்ந்த அதிர்வெண்கள் அந்தக் கூம்பைத் தாண்டி வருவதில்லை. உங்கள் கிக்குக்கும் ஏறத்தாழ அதுவே நேர்ந்திருக்கிறது. டியூப் ஸ்கிரீமர் கிதாருக்கென்றே உருவான பெடல். கிதாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். அதை முழு வேகத்தில் சிதைத்தால் ஒலி சேறாகிவிடும் என்பதால், சுமார் 720 ஹெர்ட்ஸிலிருந்து கீழே இறங்க இறங்க அந்தச் சுற்று தன் பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டே போகிறது. கிதார்காரருக்கு அது வரம். டிரம் மெஷினின் கிக்கோ 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலிப்பது. நடுப்பகுதி பல மடங்கு பெருகும்போது அது பின்னால் தங்கிவிடுகிறது.

எந்தப் பெடல் என்று சொல்வதற்கு முன் ஒன்றைச் செய்யச் சொல்கிறேன். மிக்சரிலிருந்து பெடலுக்குப் போகும் ஒலியளவை நன்றாகக் குறையுங்கள். கிதார் பிக்கப் தருவது மில்லிவோல்ட் கணக்கில். வீட்டுக் கருவிகளின் லைன் அளவு (ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு ஒலியை அனுப்பும் வழக்கமான மின்னழுத்தம்) 0.316 வோல்ட், தொழில்முறைக் கருவிகளுடையது 1.23 வோல்ட். பெடலுக்குள் இருக்கும் சிலிக்கான் டயோடு 0.6 அல்லது 0.7 வோல்ட்டிலேயே அலையின் தலையை வெட்டத் தொடங்கிவிடும். ஆகவே சிந்தசைசரை அப்படியே செருகினால், ஒலியைப் பெருக்கும் கெயின் குமிழை எங்கே திருப்பினாலும் ஒரே மாதிரிதான் கேட்கும். குறைத்துக் கொடுத்துப் பாருங்கள், குமிழுக்கு உயிர் வரும். ஓங்கி அடித்த அடி மட்டும் கிழிபடும், மெல்லிய அடி தெளிவாக நிற்கும். டிஸ்டார்ஷனில் நான் தேடுவது இந்த வேறுபாட்டைத்தான். டர்போ ராட் பெடலில் சிலிக்கான் டயோடுகளுக்குப் பதிலாக எல்இடி விளக்குகள் அலையை வெட்டுகின்றன. அவை ஒன்றரை வோல்ட்டுக்கு மேலும் தாங்குவதால் சிந்தசைசருக்கு அந்த வகை இணக்கமாக இருக்கும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதல் பெடலாக, பேஸ் கிதாருக்கென்று செய்த, சுத்த ஒலியையும் சிதைந்த ஒலியையும் கலக்கும் குமிழ் உள்ள ஒன்றை வாங்குங்கள். பாஸ் நிறுவனத்தின் ஓடிபி-3 பெடலில் அந்தக் குமிழ் இருக்கிறது. சிலர் அதை முரட்டுப் பெடல் என்பார்கள். டிரம்முக்கு அந்த முரட்டுத்தனம் எனக்குப் பிடிக்கும். கிக்கின் அடிப்பகுதி சுத்த வழியில் வந்து சேரும், மேலே எவ்வளவு கீறல் வேண்டுமோ அவ்வளவு சேர்த்துக்கொள்ளலாம்.

நண்பரின் பெடலை வைத்தே இதைச் செய்யவும் வழி உண்டு. உங்கள் மிக்சரில் ஆக்ஸ் சென்ட் (ஒலியின் ஒரு நகலைத் தனியே வெளியே அனுப்பும் வழி) இருந்தால் அதிலிருந்து பெடலுக்கு அனுப்பி, பெடலின் ஒலியைத் தனிச் சேனலில் வாங்கி, அந்தச் சேனலின் பேஸைக் குறைத்துவிடுங்கள். அந்தச் சேனலின் ஆக்ஸ் குமிழ் பூஜ்யத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒலி சுற்றிச் சுற்றி ஊளையிடும். இரண்டையும் கலக்கும்போது கனம் கூடாமல் குறைந்தால், பெடல் அலையைத் தலைகீழாகத் திருப்பித் தருகிறது என்று பொருள். சில பெடல்கள் அப்படித்தான்.

வோல்கா பீட்ஸுக்கு ஒரே வெளியீடு என்பதால் கிக்கைத் தனியே பிரித்தெடுக்க முடியாது. எல்லாம் ஒரே பெடலுக்குள் போகும்போது, கிக் விழும் நொடியில் அது இடத்தை அடைத்துக்கொள்ளும். ஹை-ஹாட் அமுங்கி, பிறகு மூச்சு விட்டு மேலே வரும். இதைப் பிழை என்று ஒதுக்காதீர்கள். ஒரு தாளம் முழுவதும் இப்படி மூச்சு வாங்குவது மிக அழகானது. அளவாக வைத்தால் போதும்.

கார்டு இரைச்சலாவதற்குக் காரணம் வேறு. இரண்டு சுரங்களை ஒரே சமயத்தில் சிதைத்தால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிய ஒலிகளாகப் பிறக்கும். ஷட்ஜம் 240 ஹெர்ட்ஸ், பஞ்சமம் 360 என்றால் வித்தியாசம் 120, அதாவது கீழ் ஸ்தாயி ஷட்ஜம். அதனால் ஒலி இன்னும் கனமாகும். அதே ஷட்ஜத்தோடு 256 ஹெர்ட்ஸ் சுத்த ரிஷபத்தை வைத்தால் வித்தியாசம் 16. சுரமாகக் கேட்க முடியாத கரகரப்பு அது. ஆகவே தனிச் சுரமாகவோ ச-ப இணையாகவோ வாசியுங்கள். தம்புராவில் தந்தியைத் தாங்கும் குதிரை எனும் பாகத்துக்கும் தந்திக்கும் இடையே ஒரு நூலை நகர்த்தி ஜீவாளி பிடிப்பார்களே, தந்தி லேசாக உரசி மேல்சுரங்கள் மலரும் அந்தப் புள்ளியைக் கேட்டுப் பழகிய காதுக்கு டிஸ்டார்ஷன் குமிழை எங்கே நிறுத்துவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மார்கழியில் ஒரு கச்சேரிக்குச் சற்று முன்னதாகப் போய், தம்புரா சேர்ப்பதை அருகிலிருந்து கேளுங்கள்.

சிந்தசைசரின் சதுர அலையைப் பெடலுக்குக் கொடுத்துப் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். அதன் தலை ஏற்கெனவே தட்டையானது, வெட்ட ஒன்றும் இல்லை. ரம்ப அலையைத் தேர்ந்து, மேல் அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டரைப் பாதிக்கு மேல் மூடி, அது வெட்டும் இடத்தில் ஒலியைத் தூக்கும் ரெசனன்ஸை ஏற்றிக் கொடுங்கள். பிறகு ஃபில்டரை மெல்லத் திறந்தால் பெடல் கூவும். 1981 அளவில் வந்த ரோலண்ட் டிபி-303 பேஸ் சிந்தசைசரின் புகழ்பெற்ற அலறல் இந்த வழியில் கிடைப்பதுதான்.

டிலே, ரிவெர்ப் இரண்டும் காத்திருக்கட்டும். வாங்கும்போது டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வையுங்கள்.

அடாப்டர் விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. வோல்காவின் 9 வோல்ட் அடாப்டர் நடுவில் பிளஸ், பெரும்பாலான பெடல்களுக்கு நடுவில் மைனஸ். ரிச்சி தெருவில் முனை மாற்றிக்கொள்ளும் பொது அடாப்டர் வாங்கினால், செருகும் முன் அதில் அச்சிட்டிருக்கும் வட்டக் குறியைப் பாருங்கள். இதைப் பார்க்காமல் செருகி, நான் மிகவும் நேசித்த ஒரு பெடலை இழந்திருக்கிறேன்.

நண்பரிடம் பெடலைத் திருப்பித் தருவதற்குள் ஆக்ஸ் சென்ட் வழியை ஒரு முறை செய்து பாருங்கள். கிக் திரும்பி வந்ததா என்று எழுதுங்கள்.