ஆறு மணிக்கு வேலை முடிகிறது, எட்டு மணிக்கு விருந்து: டெசர்ட்டுக்கு என்ன செய்வது?

கேள்வி: வரும் சனிக்கிழமை இரவு தோழி வீட்டில் விருந்து. மொத்தம் எட்டுப் பேர். அவள் சமையலில் புலி. ஆளுக்கொரு பொறுப்பு என்று பிரித்ததில் "டெசர்ட் நீ கொண்டு வந்துடு" என்று என் தலையில் கட்டிவிட்டாள். எனக்கு அன்று மாலை ஆறு மணி வரை வேலை. எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். சுமாராகச் சமைப்பேன், பேக்கிங் சுத்தமாக வராது. ஆனாலும் எல்லோரும் அசந்துபோகிற மாதிரி ஏதாவது கொண்டுபோக ஆசை. பேசாமல் கடையில் ஒரு கேக் வாங்கி, நம் வீட்டுத் தட்டில் மாற்றி வைத்து, நானே செய்தது என்று சொல்லிவிடலாமா?
– வாசகி ஒருவர்

பதில்: சொல்லாதீர்கள். பாவ புண்ணியம் பார்த்துச் சொல்லவில்லை. தோழி சமையலில் புலி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அவர் ஒரு வாய் சாப்பிட்டதும் "இதில் வெண்ணெய் போட்டாயா, எண்ணெயா?" என்று கேட்பார், அடுத்து "எத்தனை டிகிரியில் வைத்தாய்?" என்பார், அதற்கடுத்த கேள்வியில் நீங்கள் கையும் களவுமாக மாட்டிக்கொள்வீர்கள். கடையில் வாங்கியதைக் கடையில் வாங்கியது என்று சொல்லிக் கொண்டுபோவதில் ஒரு குறையும் இல்லை. அலங்காரம் எதுவும் இல்லாத சாக்லேட் கேக் ஒன்றை முழுசாக வாங்குங்கள். 100 மில்லி கிரீமைக் கொதி வரும்வரை சூடாக்கி, பொடியாக நறுக்கிய 100 கிராம் சாக்லேட் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து மெதுவாகக் கலக்கினால் கண்ணாடி மாதிரி பளபளக்கும் கனாஷ் கிடைக்கும். அதைக் கேக் மேல் ஊற்றிக் கொண்டுபோய், "கேக் கடையில் வாங்கினது, மேல இருக்கிறது என் வேலை" என்று சொன்னால் யாரும் ஒன்றும் நினைக்கப்போவதில்லை. ஆனால் உங்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது.

முதலில் நேரக் கணக்கு. ஆறிலிருந்து எட்டு வரை இரண்டு மணி நேரம் என்று தோன்றும், ஆனால் வீட்டுக்கு வருவது, குளிப்பது, உடை மாற்றுவது, அங்கே போய்ச் சேருவது எல்லாம் போக அடுப்படிக்கு மிஞ்சுவது அரை மணி நேரம்தான், அதுவும் வழியில் நெரிசல் இல்லாமல் இருந்தால். இந்த அரை மணிக்குள் கேக் சுடுவதெல்லாம் நடக்காது. சுட்டு எடுத்தாலும் ஆற வேண்டும், ஆறாத கேக் மேல் கிரீம் தடவினால் உருகி வழிந்துவிடும். முட்டை வெள்ளையை நுரைக்க அடித்துச் சுடுகிற சுஃப்லே பக்கம் போகவே போகாதீர்கள், ஓவனிலிருந்து வெளியே எடுத்த சில நிமிடங்களில் அது அமுங்கிவிடும், வண்டியில் கொண்டுபோகிற பண்டமே இல்லை. ஜெலட்டின் போட்டு உறைய வைப்பவற்றுக்கும் சில மணி நேரம் ஃப்ரிட்ஜ் தேவை. ஆக, சனிக்கிழமை மாலையை நம்பாதீர்கள். உங்கள் கையில் இருப்பது வெள்ளிக்கிழமை இரவு. சாப்பாடு முடிந்த பிறகு இருபது நிமிடம் ஒதுக்க முடியும்தானே?

முடியும் என்றால் எலுமிச்சை பாஸெட் செய்யுங்கள். ஆங்கிலேயர்களின் பழைய இனிப்பு இது. சேர்மானம் மூன்றே மூன்றுதான்: 600 மில்லி கிரீம், 150 கிராம் சர்க்கரை, 75 மில்லி எலுமிச்சைச் சாறு. முட்டை கிடையாது, ஜெலட்டின் கிடையாது, ஓவனும் வேண்டாம். கிரீமையும் சர்க்கரையையும் பெரிய பாத்திரத்தில் போட்டு மிதமான தீயில் கொதிக்க விடுங்கள். பெரிய பாத்திரம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், கிரீம் பொங்கினால் சரசரவென்று மேலே ஏறி அடுப்பை நாசம் பண்ணிவிடும், அப்புறம் உங்கள் இருபது நிமிடம் அடுப்பைத் துடைப்பதிலேயே போய்விடும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, பக்கத்திலேயே நின்று கிளறியபடி சரியாக மூன்று நிமிடம். இறக்கி, வடிகட்டிய எலுமிச்சைச் சாற்றை ஊற்றிக் கலக்குங்கள். ஊற்றினவுடன் ஒன்றும் நடக்காது, "போச்சு, தண்ணியாகிவிட்டது" என்று தோன்றும். கொஞ்சம் பொறுத்துக் கரண்டியைத் தூக்கிப் பாருங்கள், அதன் முதுகில் மெல்லிய போர்வை மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். அவ்வளவுதான், கிளறுவதை நிறுத்திவிட்டு, ஒரு பத்து நிமிடம் ஆறவிட்டு எட்டுச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் ஊற்றி, சூடு தணிந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். உறைவதற்கு நாலு மணி நேரம் போதும், ராத்திரி முழுக்க இருந்தால் இன்னும் நல்லது. காலையில் கிண்ணத்தைச் சாய்த்தால் அசையாது, ஸ்பூனை விட்டால் பட்டு மாதிரி இறங்கும்.

புளிப்பு பட்டால் பால் திரிந்துவிடுமே என்று கேட்பீர்கள். பாலில் புரதம் அதிகம், கொழுப்பு குறைவு, அதனால் திரிகிறது. கிரீமில் இரண்டும் தலைகீழ். இருக்கிற கொஞ்சப் புரதத்தைச் சுற்றிக் கொழுப்பு நிறைந்து கிடப்பதால் கட்டி கட்டியாகப் பிரியாமல் மொத்தமும் கெட்டியாகிறது. இதனால்தான் கிரீம் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. டப்பாவைத் திருப்பி, கொழுப்பு 35 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கேக் அலங்காரத்துக்கென்று தாவரக் கொழுப்பில் செய்த கிரீமும் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருப்பார்கள், அது இதற்கு ஆகாது, பாலில் எடுத்த கிரீம்தான் வேண்டும். எலுமிச்சைத் தோலைத் துருவிப் போட்டால் வாசனை தூக்கும், ஆனால் மேல் தோலோடு நிறுத்துங்கள், உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும்.

சரி, வெள்ளிக்கிழமையும் கைவிட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது சனிக்கிழமை மாலையே பதினைந்து நிமிடத்தில் முடிகிற ஒரு வித்தை இருக்கிறது, வேதியியலாளர் ஒருவர் கொடுத்தது. பிரான்ஸைச் சேர்ந்த எர்வே திஸ் என்பவர் வெறும் சாக்லேட்டையும் தண்ணீரையும் வைத்து மூஸ், அதாவது நுரை மாதிரி மெத்தென்ற இனிப்பு, செய்து காட்டினார். 70 சதவீத டார்க் சாக்லேட் 265 கிராம், தண்ணீர் 240 மில்லி, வேறொன்றும் வேண்டாம். சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலே இறுகிவிடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது உண்மைதான், ஆனால் தண்ணீர் தாராளமாக இருந்தால் இறுகாது. இரண்டையும் சேர்த்து மெல்லிய தீயில் உருக்கி, அந்தக் கிண்ணத்தை ஐஸ் மிதக்கும் தண்ணீரில் உட்கார வைத்து விஸ்க்கால் (முட்டை அடிக்கிற கம்பிக் கரண்டி) அடிக்க ஆரம்பியுங்கள். தொடக்கத்தில் சளசளவென்று தெறிக்கும், ஏப்ரன் இல்லாமல் நிற்காதீர்கள், விருந்து உடையைப் போட்டுக்கொண்டு இந்த வேலையில் இறங்கவே கூடாது. சில நிமிடங்களில் நிறம் லேசாக வெளுக்கும், விஸ்க் போன தடம் அழியாமல் நிற்க ஆரம்பிக்கும். அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டால் மணல் மாதிரி திரிதிரியாகிவிடும். ஆனாலும் அழ வேண்டாம், திரும்ப அடுப்பில் வைத்து உருக்கி மறுபடி அடிக்கலாம், எத்தனை தடவை கெட்டாலும் மீட்டுவிடலாம் என்பதுதான் இதன் அழகே. ரொம்ப நேரம் அடித்தும் கெட்டியாகவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் சாக்லேட் சேர்த்து உருக்குங்கள். மேலே நாலு கல் உப்பு தூவிக் கொடுத்துப் பாருங்கள். பால், முட்டை எதுவும் சேராத தயாரிப்பு என்பதால் பால் ஒத்துக்கொள்ளாதவர்களும் சாப்பிடலாம், சாக்லேட் உறையில் பால் இல்லை என்று உறுதிசெய்துகொண்டால் போதும்.

அலுவலகத்திலிருந்து நேராக அங்கே போக வேண்டிய நிலை வந்தால்? இத்தாலியர்களின் அஃபொகாட்டோ இருக்கவே இருக்கிறது. நல்ல வெனிலா ஐஸ்கிரீம் டப்பா ஒன்று, ஃபிளாஸ்க் நிறைய கொதிக்கக் கொதிக்கத் திக்கான காபி, பால் சர்க்கரை சேர்க்காமல். ஐஸ்கிரீமைப் போனவுடன் ஃப்ரீஸரில் வைக்கச் சொல்லிவிடுங்கள். சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு உருண்டையைக் கிண்ணத்தில் வைத்து, எல்லோர் கண்முன்னாலும் காபியை ஊற்றுங்கள். ஊற்றும்போதே ஐஸ்கிரீம் விளிம்பு உருகிக் காபிக்குள் வெள்ளையாகச் சுருண்டு ஓடும், பேச்சு தானாக நிற்கும். குழந்தைகள் இருந்தால் அவர்களுக்குக் காபிக்குப் பதில் சூடான சாக்லேட் சாஸ். இதில் உங்கள் உழைப்பு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை, ஆனால் மேஜையில் வைத்துக் கண்ணெதிரே முடிக்கிற எதற்கும் ஒரு கவர்ச்சி உண்டு.

கஸ்டர்ட், கேக் துண்டு, பழம், கிரீம் என்று அடுக்குகிற டிரைஃபிளும் செய்யலாம். கஸ்டர்ட் பவுடர் போட்டால் தோழி சிரிப்பாரோ என்று தயங்க வேண்டாம். 1837-ல் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற ஆங்கிலேயர் முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகச் சோளமாவை வைத்துக் கண்டுபிடித்த பொருள் அது, அடுப்படிக் குறுக்குவழிகளிலேயே மரியாதையான ஒன்று. கண்ணாடிக் கிண்ணத்தில் செய்து, பழத்துண்டுகளைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி வைத்துவிட்டு நடுவில் மற்றதை நிரப்பினால் வெளியிலிருந்து பார்க்க அள்ளும். ஆனாலும் இதற்குப் பாத்திரம் நிறைய விழும், எனக்கு அது பிடிக்காது.

காபியில் நனைத்த பிஸ்கட்டையும் கிரீமையும் அடுக்குகிற டிரமிசு கொண்டுபோகலாமா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும், எல்லோருக்கும் தோன்றும். வழக்கமான செய்முறையில் பச்சை முட்டையும், பெரும்பாலும் மதுவும் உண்டு. வருகிறவர்களில் கர்ப்பிணியோ, முட்டை தொடாதவரோ, மது கூடாதவரோ இருந்தால் சங்கடம். எதைச் செய்வதாக இருந்தாலும் தோழிக்கு இன்றே ஒரு போன் போட்டு, யாருக்கு என்ன ஆகாது என்றும், ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு காலி கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள். விருந்து நடக்கும் வீட்டில் ஃப்ரிட்ஜ் வழிந்துகொண்டுதான் இருக்கும். எட்டுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பது நன்றாக இருக்காது.

இனி, பாதிப் பேர் கோட்டைவிடும் இடம்: கொண்டுபோவது. கிண்ணங்களை ஓர் அட்டைப் பெட்டியில் நிறுத்தி இடையிடையே துண்டைச் சுருட்டிச் செருகுங்கள். கார் என்றால் பெட்டியைக் கீழே, கால் வைக்கும் தரையில் வையுங்கள். இருக்கை பின்பக்கம் சரிந்திருக்கும், மடியும் ஆடும். மேலே வைக்கப்போகும் பழம், பிஸ்கட், நட்ஸ் எல்லாம் தனி டப்பாவில் வரட்டும். பிஸ்கட்டை வீட்டிலேயே செருகிவிட்டால் போய்ச் சேர்வதற்குள் நமத்துப்போகும், ஐசிங் சர்க்கரையை முன்கூட்டியே தூவினால் ஈரத்தில் கரைந்து காணாமல் போய்விடும். அலங்காரம் ஏதாவது ஒன்று போதும். பாஸெட் மேல் நாலு ராஸ்பெர்ரி, அல்லது பொடியாக நறுக்கிய பிஸ்தா. எல்லாவற்றின் தலையிலும் ஒரு புதினா இலையைச் சொருகுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அதை எல்லோரும் எடுத்துத் தட்டோரம்தான் வைக்கப்போகிறார்கள்.

பரிமாறும்போது "அவசரத்தில் செய்தேன், சரியாக வந்திருக்குமோ என்னவோ" என்று ஆரம்பிக்காதீர்கள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாத குறையை நாமே விளக்குப் பிடித்துக் காட்டுவானேன்? கிண்ணத்தை வைத்துவிட்டு ஸ்பூனைக் கையில் கொடுங்கள். செய்முறை கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், மூன்றே பொருள் என்றால் முதலில் நம்ப மாட்டார்கள்.

என்னைக் கேட்டால் உங்களுக்குப் பாஸெட்தான் சரி. வியாழக்கிழமையே கிரீம் வாங்கி வைத்துவிடுங்கள், வெள்ளி இரவு கடைக்கு ஓடும் வேலை வேண்டாம். எலுமிச்சை மட்டும் ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கட்டும், சில பழங்கள் பார்க்கத்தான் பெரிசு, பிழிந்தால் சாறே வராது.