முதல் நிமிடத்தில் பக்கத்தில் யார்?

கேள்வி: போன வருடம் என் அக்காவுக்கு ஒரு நர்சிங் ஹோமில் பிரசவம். குழந்தை பிறந்ததும் அழவில்லை. வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் போய்விட்டது. கிரகணத்தன்று வெளியே போனதுதான் காரணம் என்று அவள் மாமியார் இன்னும் சொல்லிக் காட்டுகிறார். எனக்கு இப்போது ஏழாவது மாதம். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகிறேன். அதே நர்சிங் ஹோம்தான் வசதி என்கிறார் கணவர். அரசு ஆஸ்பத்திரி என்கிறார் அம்மா. தூக்கமே வரவில்லை. நல்ல ஆஸ்பத்திரி எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் கிரகணத்தை முடித்துவிடுவோம். அதற்கும் குழந்தையின் மூச்சுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை அக்காவிடம் படித்துக் காட்டுங்கள், அந்த மாமியார் காதில் விழும்படி.

பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு முதல் மூச்சை இழுக்க உதவி தேவைப்படுகிறது. பெரும்பாலும் துணியால் நன்றாகத் துடைத்து, முதுகைத் தேய்த்தாலே வீல் என்று கத்திவிடும். கத்தாவிட்டால் முகத்தில் சின்ன மாஸ்க்கைப் பொருத்தி, ஆம்பு பேக் என்கிற கைப்பையை அமுக்கிக் காற்றுக் கொடுக்க வேண்டும். அதுவும் முதல் 60 வினாடிக்குள். அந்தப் பை ஒன்றும் பெரிய விலை இல்லை. அதைப் பிடிக்கப் பழகிய கை, ராத்திரி இரண்டு மணிக்கும் பிரசவ அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். அதுதான் பல இடங்களில் இல்லை. குழந்தை அழாததைப் பார்த்த பிறகு டாக்டருக்குப் போன் போட்டால், அவர் பைக்கை எடுப்பதற்குள் அந்த நிமிடம் போய்விடும்.

நான் பச்சிளங்குழந்தை வார்டில் வேலை பார்த்தபோது, ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து ஒரு குழந்தை வந்தது. பூப்போட்ட டவலில் அழகாகச் சுற்றியிருந்தார்கள். டவல் ஈரம். பாதத்தைத் தொட்டால் மார்கழிக் கிணற்றுத் தண்ணீர் போல ஜில்லென்றிருந்தது. உடம்பு குளிர்ந்தால் சர்க்கரை இறங்கும், மூச்சும் தளரும். அன்று அந்தக் குளிரோடுதான் அதிகம் மல்லுக்கட்டினோம். அதனால்தான் சொல்கிறேன்: ஆபத்து இருக்கும் என்று முன்பே தெரிந்தால், குழந்தையை வயிற்றில் வைத்தபடியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். தாயின் வயிற்றைவிட நல்ல ஆம்புலன்ஸ் கிடையாது. பிரஷர், இரட்டைக் குழந்தை, மாதம் நிறையாமல் வலி என்றால் இதில் யோசிக்கவே வேண்டாம். 34 வாரத்துக்கு முன்பே பிரசவம் ஆகிவிடும் போலிருந்தால், குழந்தையின் நுரையீரலுக்காகத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அதற்கும் நேரம் வேண்டும்.

கணவரையும் கூட்டிக்கொண்டு அந்த நர்சிங் ஹோமுக்கு ஒருமுறை போங்கள். ஏசி ரூமைப் பார்க்காதீர்கள். பிறந்த குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் வார்மர் பிரசவ அறையிலேயே இருக்கிறதா, மாடியில் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவசரமாக சிசேரியன் என்றால் மயக்க மருந்து டாக்டர் எத்தனை நிமிடத்தில் வருவார்? குழந்தைக்கு முடியாமல் போனால் எங்கே அனுப்புவீர்கள், கூட யார் வருவார்கள்? இவற்றைக் கேட்டால் முகம் சுளிக்கிற இடம் உங்களுக்கு வேண்டாம்.

என்னைக் கேட்டால் அம்மா பக்கம்தான். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் சீமாங்க் (அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தை சிகிச்சை) மையமும் பச்சிளங்குழந்தைகள் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கும். கூட்டம் உண்டு, சிடுசிடுப்பும் உண்டு; மறைக்கவில்லை. 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில், இப்போது ஒரு வயது வரை குழந்தைக்கு உடம்புக்கு முடியாமல் போனால் அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை, மருந்து, வண்டி எல்லாமே இலவசம். அதற்கு யாராவது காசு கேட்டால் தராதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு சேனை, சீனித்தண்ணீர் எதுவும் வேண்டாம். பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு நிமிடத்துக்கு 60-ஐத் தொட்டாலோ, நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தாலோ உடனே கிளம்புங்கள். முதல் நாளே மஞ்சள் தெரிந்தால் வெயிலில் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

அக்காவின் குழந்தைக்கு அன்று என்ன ஆனது என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. கேஸ் ஷீட் நகலை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002 விதிமுறை. வாங்கி, வேறொரு குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள்.

வளைகாப்பு முடிந்து போகும்போது ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். அம்மா வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் ராத்திரி பத்து மணிக்குமேல் வண்டியில் போய்ப் பாருங்கள். ரயில்வே கேட் எதுவும் குறுக்கே வருகிறதா?