மகனின் டி.என்.ஏ. பதிவு ஆயுள் முழுக்க இருக்குமா?

ஐயா, லண்டனில் கடைத் திருட்டுச் சந்தேகத்தில் கைதாகி, வழக்கே இல்லாமல் விடப்பட்ட உங்கள் மகனின் கைரேகையும் டி.என்.ஏ.வும் காவல்துறையிடமே தங்கிவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். முன்பு தண்டனை ஏதும் இல்லையென்றால், இந்த அளவு குற்றச்சாட்டுக்கு விசாரணை முடிந்ததும் அவற்றை அழித்தாக வேண்டும்.

இந்த உரிமை எளிதில் வரவில்லை. 2001இல் கொள்ளை முயற்சி வழக்கில் விடுதலையான 11 வயதுச் சிறுவனின் பதிவை அழிக்க ஷெஃபீல்டு நகரம் அடங்கிய தெற்கு யார்க்‌ஷயர் காவல்துறை மறுத்தது. அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையும் காவல்துறை பக்கமே நின்றது. 2008 டிசம்பர் 4 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் 17 நீதிபதிகளும் ஒருமனதாக, இப்படிப் பதிவை வைத்திருப்பது ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் தனிவாழ்வைக் காக்கும் 8ஆம் பிரிவை மீறுகிறது என்றனர். குற்றமற்றவரைக் குற்றவாளிபோல நடத்துவது, அதிலும் சிறுவர்களை, எவ்வளவு கொடுமை! அத்தீர்ப்பு நேரடியாகச் சட்டத்தை ரத்து செய்யாது. ஆனால் பிரிட்டன் அரசு அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும். நிறைவேற்றத்தை ஐரோப்பிய கவுன்சிலின் அமைச்சர்கள் குழு கண்காணிக்கும். அப்படித்தான் 2012இல் புதிய சட்டம் வந்தது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிட்டால் இது மாறவில்லை. அந்த நீதிமன்றம் ஐரோப்பிய கவுன்சில் என்ற தனி அமைப்பைச் சேர்ந்தது; ஒன்றியத்தைச் சேர்ந்ததல்ல.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: காவல் நிலையத்தில் எடுத்த புகைப்படமும் கைதுப் பதிவும் தானாக அழியாது. அவற்றை நீக்கத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மேல் நடவடிக்கை இல்லை என்பதை முதலில் எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.